குன்னத்துச் சோடா மிஷினுக்கு வந்த விடுதலை

குன்னம் கடைத்தெருவில் சோடாக்கடை வைத்திருந்த செல்லக்கண்ணுவுக்கு அரசாங்கத்தால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. அவருக்கு வந்த தொந்தரவெல்லாம் அப்படி ஒன்றும் இல்லாததால் வந்ததுதான்.

எழுபத்தொன்பதோ எண்பதோ, வருஷத்தில் சண்டை வேண்டாம். பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்த காலம். பங்குனி மாதம். வெயில் மட்டும் நிச்சயம். அந்த வெயிலில் ஒரு ஜீப் வந்து சோடாக்கடை முன்னால் நின்றது. சிறுதொழில் ஒழுங்குமுறை இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி இறங்கினார். அப்படி ஒரு உத்தியோகம் இருப்பது குன்னத்துக்கு அன்றுதான் தெரிந்தது. குன்னம் தன் எல்லைக்குள் இருப்பது அவருக்கும் அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து வழி நெடுக விசாரித்துக்கொண்டே வந்திருந்தார்.

"சோடாக்கடை உன்னுதாப்பா?"

"ஆமாங்க சார். என்ன குடிக்கிறீங்க? பன்னீரா, இஞ்சியா?"

"அது கெடக்கட்டும். லைசென்ஸ், பர்மிட், கட்டுப்பாடு, இதுனாலெல்லாம் நீ எம்புட்டுக் கஷ்டப்படுறே? மனசு விட்டுச் சொல்லு. அழணும்னா அழு."

"ஒரு கஷ்டமும் இல்லீங்க சார்."

இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கிப்போனது. "அவசரப்படாதே. நல்லா யோசிச்சுச் சொல்லு."

செல்லக்கண்ணு நல்ல மனிதர். வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று உண்மையிலேயே யோசித்தார். "முட்டியில வலி இருக்குங்க," என்றார்.

"அது என் டிபார்ட்மென்ட் இல்லப்பா," என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொன்னார். மனசு விட்டு அழ வேண்டிய ஆள் அவர்தான் என்று தெரிந்தது.

சங்கதி இதுதான். ஆளுங்கட்சி உலக்கைக் கட்சி. கட்சியின் முழுப்பெயர் நீளம். சின்னம் உலக்கை என்பதால் ஜனங்கள் சுருக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கட்சி வியாபாரிகளைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவிக்கப் போவதாகச் சட்டசபையில் சொல்லிவிட்டது. சின்னம் முறமாக இருந்த எதிர்க்கட்சி, விட மாட்டோம் என்று சொல்லிவிட்டது. தகராறைத் தீர்க்க ஆளுக்கு ஒருவராக இரண்டே பேர் கொண்ட ஓர் ஆய்வுக் குழு போட்டிருந்தார்கள். குழு சித்திரையில் இந்தப் பக்கம் வருகிறது. வரும்போது, கட்டுப்பாட்டால் நசுங்கிப்போன வியாபாரி ஒருவரையாவது இன்ஸ்பெக்டர் நேரில் நிறுத்திக் காட்ட வேண்டும்.

"முப்பத்தாறு கடை ஏறி இறங்கிட்டேன்பா. வெங்காய மண்டிக்காரரைக் கேட்டா, லைசென்ஸா, அது என்ன வெலைங்கிறாரு. பெரம்பலூர்ல ஒரு டெய்லரு, கட்டுப்பாடு எல்லாம் எங்க வூட்டுக்காரி போடறதுதான்னு சிரிக்கிறான். ஒருத்தன்கிட்டயும் ஒரு பேப்பரும் கெடையாது. இல்லாத லைசென்ஸை நான் எப்படி ரத்து பண்றது? விடுதலை பண்ணணும்னா மொதல்ல ஒருத்தன உள்ள வைக்கணுமா இல்லியா?"

"வைக்கணுங்க," என்றார் செல்லக்கண்ணு. நியாயமாகத்தான் பட்டது.

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்தார். சோடா போடுவதற்குப் பதினோரு லைசென்ஸ் வேண்டும் என்று அதில் இருந்தது. தண்ணீருக்கு ஒன்று, பாட்டிலுக்கு ஒன்று. பாட்டில் கழுத்துக்குள் உருளும் கோலிக்குத் தனியாக ஒன்று, ஏனென்றால் அது பாட்டிலின் அங்கமா விளையாட்டுச் சாமானா என்று மேலிடத்தில் இன்னும் முடிவாகவில்லை. பாட்டிலைத் திறக்கும்போது வருகிற 'பட்' என்ற சத்தம் வெடிவகையில் சேரும். குடித்தவன் விடும் ஏப்பம் காற்றில் கலக்கிறதே, அதற்கு இரண்டு.

"இதுல ஏதாச்சும் உங்கிட்ட இருக்கா?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஜீப்பிலிருந்து சணல் கயிறும் அரக்கும் வந்தன. சோடா மிஷின் என்பது பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஒரு இரும்புச் சட்டம், அதற்குள் பாட்டில்களை இறுக்கி வைக்க ஒரு கூண்டு, பக்கத்தில் கேஸ் உருளை, எல்லாவற்றையும் குலுக்கிச் சுற்ற ஒரு கைச்சக்கரம். சக்கரம் சுற்றினால் சோடா, சுற்றாவிட்டால் தண்ணீர். இன்ஸ்பெக்டர் அந்தச் சக்கரத்தைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். ஓர் உத்தரவுத் தாளையும் கையில் கொடுத்தார்.

"எப்ப சார் அவுப்பீங்க?"

"குழு வந்த ஒடனே. உனக்கு விடுதலை குடுக்கத்தானே அவங்க வர்றதே. அதுவரைக்கும் நல்லாக் கஷ்டப்படு. கேட்டா சரளமாச் சொல்லணும்."

ஜீப் போன பிறகு செல்லக்கண்ணுவின் மனைவி குஞ்சம்மாள் உள்ளேயிருந்து வந்து மிஷினைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ஆமாங்க சார், கஷ்டந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தாளு எழுதிக்கிட்டுப் போயிருப்பாருல்ல? இல்ல இல்லன்னு வம்பா நின்னு வாங்கிக் கட்டிக்கிட்டீங்களே!"

"இல்லாததை எப்படிப் புள்ள சொல்றது?"

"இப்ப இருக்குல்ல? இப்பச் சொல்லுங்க."

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சித்திரையில் மாரியம்மன் தேர். தேர் மூன்று நாளும் விற்கிற சோடாதான் ஐப்பசி வரைக்கும் அடுப்பெரிக்கும். தேர் நிலைக்குப் பக்கத்தில் செல்லக்கண்ணுவுக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தின்மேல், கலர் சோடா விற்கிற அரியலூர் கலர் கம்பெனிக்காரருக்கு ஐந்து வருஷமாகக் கண். ஒரு தேருக்குச் செல்லக்கண்ணு வராமல் போனால் போதும், இடம் அரியலூருக்குப் போய்விடும். போனால் திரும்பாது. தேர்க் கமிட்டியில் அப்படித்தான் வழக்கம்.

அரக்கு எவ்வளவு வெயில் தாங்கும் என்பதை இன்ஸ்பெக்டரின் புத்தகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. மிஷின் நின்றது கடைவாசலில், வெட்டவெளியில். குன்னத்து வெயிலில் மூன்றாம் நாள் முத்திரை இளகி, நாலாம் நாள் வழியத் தொடங்கியது. செல்லக்கண்ணுவே பதறிப்போய்ப் பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய்ச் சொன்னார். முத்திரை அழிந்தால் அழித்தவன் உள்ளே போக வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. அழித்தது சூரியன் என்றால் யார் நம்புவார்கள்? ஆபீசில் இரண்டு நாள் யோசித்து, முத்திரைக்கு நிழல் கொடுக்க ஓர் ஆள் போட்டார்கள். முதலில் வந்தவர் ஒரு பகலில் ஓடிவிட்டார். இரண்டாமவர் மத்தியானமே ஓடிவிட்டார். கடைசியில் உள்ளூர் ஆள்தான் சரி என்று குஞ்சம்மாளின் தம்பி மதுரைவீரனைப் பிடித்து, முத்திரை நிழற்காவலர், தற்காலிகம், என்று ஆர்டர் கொடுத்தார்கள். ஒரு கறுப்புக் குடையும் கொடுத்தார்கள்.

மதுரைவீரன் அதுவரை எந்த வேலையிலும் ஒரு வாரம் தங்கியதில்லை. இந்த வேலை அவனை ஆளே மாற்றிவிட்டது. சூரியன் நகர நகரக் குடையையும் நகர்த்திக்கொண்டு, ஆர்டரில் இருந்தபடி முத்திரைக்கு ஆறடிக்குள்ளேயே நின்றான். சோறு அங்கேயே வந்தது.

"மச்சான், ஆறடி தள்ளி நில்லுங்க," என்பான் செல்லக்கண்ணு பக்கத்தில் வந்தால்.

"டேய், இது என் மிஷின்டா."

"மிஷின் உங்களுது, முத்திரை கவர்மென்டுது. சொந்தத்தை வூட்டுல வச்சுக்குங்க."

"சின்னவனே, உனக்கு நான் போடுற கொழம்பு எந்த டிபார்ட்மென்ட்டுடா?" என்று குஞ்சம்மாள் கேட்டபோது மட்டும் அவன் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

இதற்குள் செல்லக்கண்ணு புகழ் பெற்றுவிட்டார். குழுவில் உலக்கைக் கட்சி சார்பாக இருந்தவர் இளையபெருமாள், முறக் கட்சி சார்பாக இருந்தவர் சாமிதுரை. இருவரும் ஒரே சாயங்காலத்தில் குன்னம் கடைத்தெருவின் இரண்டு முனைகளிலும் கூட்டம் போட்டார்கள். சோடாக்கடை நடுவில் இருந்ததால் செல்லக்கண்ணுவுக்கு இரண்டு பேச்சும் கேட்டது.

இளையபெருமாள் கையை மிஷின் பக்கம் நீட்டினார். "அன்பார்ந்த பெருமக்களே! அதோ பாருங்கள், கட்டுண்டு கிடக்கிறதே ஓர் ஏழையின் சக்கரம்! கட்டியது யார்?"

"உங்க ஆபீசர்தான்," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஆம்! நாங்கள்தான் கட்டினோம். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. கட்டியவனால்தான் அவிழ்க்க முடியும். எதிர்க்கட்சி கட்டியதா? ஒரே ஒரு முடிச்சாவது போட்டதுண்டா? முடிச்சே போடாதவனுக்கு அவிழ்ப்பதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?"

அந்த முனையில் சாமிதுரை முழங்கினார். "கட்டுப்பாடு என்பது ஏழையின் கவசம்! இன்று சோடாவை அவிழ்த்துவிடுவான். நாளைக்குக் கலரை அவிழ்த்துவிடுவான். நாளன்றைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம், வாங்கலாம் என்ற பயங்கரம் வரும். கேட்கிறேன், வேண்டியதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் நிலைமைக்கு நம் மக்களைத் தள்ளலாமா?"

இந்த இடத்தில் கைதட்டல் வர வேண்டும். கைதட்டல் தானாக வராது. பேச்சாளர் நிறுத்த வேண்டும், பக்கத்தில் நிற்பவர் சோடாவை 'பட்' என்று உடைக்க வேண்டும், அவர் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் குன்னத்து ஜனங்கள் கைதட்டிப் பழகியிருந்தார்கள். சாமிதுரை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். கையில் ஒரு செம்பு தண்ணீரை வைத்தார்கள். சத்தமே இல்லை. ஜனங்கள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அவரோ கைதட்டலுக்காகக் காத்திருந்தார். மறு முனையில் இளையபெருமாளுக்கும் இதே கதிதான். மூன்று மணி நேரம் பேச வந்தவர்கள் ஒன்பது நிமிஷத்தில் தொண்டை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜனங்கள் பொழுது சாயும் முன்னே வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிட்டார்கள். இந்த லைசென்ஸ் சமாச்சாரத்தில் ஏதோ நல்லதும் இருக்கிறது என்று அன்றைக்குப் பலருக்கும் தோன்றியது.

தேருக்கு நாலு நாள் இருக்கும்போது பட்டணத்தில் ஆட்சி கவிழ்ந்தது. முறம் ஆளுங்கட்சியாகவும் உலக்கை எதிர்க்கட்சியாகவும் ஆகிவிட்டன. குழுவின் இரண்டு உறுப்பினர்களும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொண்டார்கள். "உங்க நோட்டைக் குடுங்கண்ணே," என்றார் சாமிதுரை. "இந்தாங்க. நான் மூணாம் பக்கம் வரைக்கும்தான் பேசியிருக்கேன். மிச்சம் புதுசு," என்று இளையபெருமாள் தன் பேச்சு நோட்டைக் கொடுத்து அவர் நோட்டை வாங்கிக்கொண்டார். செல்லக்கண்ணுவுக்கு இது தெரியாது.

குழு வந்தது தேர் அன்று காலையில். கோயிலுக்குப் பின்னால் பந்தல் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். தலைவர் நான்தான் என்று இருவருமே சொன்னதால், தலைவர் நாற்காலியைக் காலியாக விட்டு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி காலி நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செல்லக்கண்ணுவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

செல்லக்கண்ணு ஒரு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். நேராக இளையபெருமாளிடம் போய், "ஐயா, ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. அவுத்து விடுங்க," என்றார்.

"அவிழ்ப்பதா? கட்டுப்பாடு ஏழையின் கவசம்பா," என்றார் இளையபெருமாள்.

செல்லக்கண்ணு இன்னும் ஓரடி கிட்டப் போனார். "ஐயா, போன மாசம் நீங்கதானே..."

"போன மாசம் நாங்க ஆளுங்கட்சி. ஆளுங்கட்சிக்கு அவிழ்க்கிற கடமை, எதிர்க்கட்சிக்குத் தடுக்கிற கடமை. கடமையை மாத்திக்கிட்டோம், கொள்கையை மாத்தல. அந்தப் பக்கம் போய்க் கேளு."

அந்தப் பக்கம் சாமிதுரை உருகினார். "கவலைப்படாதே தம்பி. உன் சக்கரம் சுத்தாம நான் ஓய மாட்டேன். ஆனா ரெண்டு பேரும் ஒருமனதாக் கையெழுத்துப் போட்டாத்தான் உத்தரவு செல்லும். இவரு போட மாட்டாரு. போடலேன்னாத்தான் எனக்கும் பேச விஷயம் இருக்கும். அதனால விசாரணையை ஆடி மாசத்துக்குத் தள்ளி வைக்கிறோம்."

"ஆடிக்குத் தேர் எங்கங்க இருக்கு?"

"தேர் நிக்குது பாரு, அதுபாட்டுக்கு நிக்கும். நம்ம நாடு எங்கயும் ஓடிப்போயிடாது."

வெளியே வந்தால் வெயிலில் ஜனம் குவிந்திருந்தது. வேப்பூரிலிருந்தும் லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தேர் நிலைக்கு எதிரே அரியலூர் கலர் கம்பெனி வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. செல்லக்கண்ணுவின் காலி இடத்தைக் கமிட்டிக்காரர் ஒருவர் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார். "உச்சிப்பொழுது வரைக்கும் பாப்போம் செல்லக்கண்ணு. அதுக்குள்ள ஒரு பாட்டிலாச்சும் உன் மிஷின்ல போட்டு விக்கலேன்னா எங்க மேல வருத்தப்படாதே," என்றார்.

செல்லக்கண்ணு கடைக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். குஞ்சம்மாள் உத்தரவுத் தாளை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். ஆறாவது வரை படித்தவன் அந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன்தான்.

"என்னடா போட்டிருக்கு? ஒரு எழுத்து விடாமப் படி."

"மேற்படி மிஷினின் சக்கரத்தைச் சுற்றக் கூடாது. முத்திரையைச் சேதப்படுத்தக் கூடாது. சேதப்படுத்தினால் சிறை. அம்புட்டுதான்க்கா."

"சக்கரம் சுத்தக் கூடாது. சரி. மிஷின் சுத்தக் கூடாதுன்னு இருக்கா?"

மதுரைவீரன் தாளின் பின்பக்கத்தையும் பார்த்தான். "இல்லக்கா."

குஞ்சம்மாள் கோயில் திடலைக் கைகாட்டினாள். அங்கே அரியமுத்துவின் ராட்டினம் நின்றது. பெரிய மர ராட்டினம். நாலு கைகள், நுனிக்கு ஒரு தொட்டில், உச்சிக்குப் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும் என்று அரியமுத்து சொல்லி ஆள் ஏற்றுவார். தெரிந்ததாக ஏறியவர்கள் யாரும் சொன்னதில்லை.

"எனக்கென்னம்மா," என்றார் அரியமுத்து. "ஆளு ஏறினாலும் மிஷின் ஏறினாலும் சுத்துற வேலை ஒண்ணுதானே."

ஒரு தொட்டிலை அவிழ்த்துவிட்டு அந்தக் கையிலேயே மிஷினைக் கேஸ் உருளையோடு வரிந்து கட்டினார்கள். தொட்டில் என்றால் நிமிர்ந்தே போய்விட்டு வந்துவிடும். கட்டையில் கட்டினால் தலைகீழாகப் போய்வரும். அந்தக் குலுக்கல்தான் சோடாவுக்கு வேண்டும். எதிர்த் தொட்டிலில் எடைக்கு எடை சின்ன வெங்காய மூட்டைகள் இரண்டை வைத்தார்கள். முத்திரைக்கு ஆறடிக்குள் இருந்தாக வேண்டுமே, மதுரைவீரன் மிஷினுக்குப் பக்கத்தில் கட்டையைக் கவ்வி உட்கார்ந்து, இடுப்பைத் துண்டால் கட்டிக்கொண்டு குடையை விரித்தான். ராட்டினம் சுற்றியது. பார்த்தவர்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்: தலைகீழாகத் தொங்கும்போதும் அவன் குடையை வெயில் பக்கமே பிடித்திருந்தான்.

ஆறு சுற்றுக்கு ஒரு ஈடு சோடா. முதல் பாட்டிலைச் செல்லக்கண்ணு கட்டைவிரலால் அழுத்தினார். 'பட்'. ஒரு மாதமாக அந்தச் சத்தத்தைக் கேட்காத ஊர் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டது. கமிட்டிக்காரர் அளந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்.

கைதட்டல் கேட்டால் எந்தக் கட்சிக்காரர்தான் பந்தலுக்குள் இருப்பார்? இருவரும் ஓடி வந்தார்கள்.

"பார்த்தீர்களா! சுதந்திரம் கிடைத்தால் தொழில் எப்படிச் சுற்றுகிறது!" என்றார் சாமிதுரை.

"என்னத்தைச் சுதந்திரம்? முத்திரை அப்படியே இருக்கு. கட்டுப்பாட்டோடதான் சுத்துது. கட்டுப்பாட்டால தொழிலுக்கு ஒரு கெடுதலும் இல்லைன்னு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றார் இளையபெருமாள்.

மிஷின் அப்போது உச்சியில் நின்றது. முத்திரை இருக்கிறதா இல்லையா என்று மேலே ஏறிப் போய்ப் பார்த்தாக வேண்டும் என்றார்கள். அரியமுத்து வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டு அந்தத் தொட்டிலில் இருவரையும் ஏற்றினார். எடை சரியாக இருந்தது. சுற்றியதும் மிஷின் கீழே வந்தது, குழு உச்சிக்குப் போய் நின்றது.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி அரக்கோடு வந்து சேர்ந்தார். குழு மேலே இருப்பதை அவர் கவனிக்கவில்லை. கையில் புத்தகம் இருந்தது. சோடா போடப் பயன்படும் எந்தச் சாதனமும் சோடா மிஷினே என்று அதில் இருந்தது. அப்படியானால் ராட்டினமும் சோடா மிஷின். அதற்குப் பதினோரு லைசென்ஸ் எங்கே? ஏணி வைத்து ஏறி, ராட்டினத்தின் அச்சைக் கயிற்றால் கட்டி முத்திரை குத்திவிட்டு இறங்கினார்.

"யோவ்! நாங்க மேல இருக்கோம்யா!"

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்து அங்கிருந்தே வணக்கம் வைத்தார். "ஐயா, தெரியாமப் போச்சுங்க."

"அவுத்துவிடுய்யா!"

"வச்ச முத்திரையை நானே எடுத்தா என் வேலை போயிடுங்க. குழுவோட எழுத்துமூலமான உத்தரவு வேணும். ஒருமனதா."

"நான்தான் எல்லாத்தையும் அவுக்கணும்கிற கட்சியாச்சே," என்று சாமிதுரை பேனாவை எடுத்தார். "எல்லா முத்திரைகளும் இன்றோடு ரத்து. போடுங்கண்ணே கையெழுத்தை."

"போட மாட்டேன். கட்டுப்பாடு ஏழையின் கவசம்."

"அண்ணே, வெயிலு."

"தெரியுது தம்பி. கொள்கைன்னா கொள்கை."

அரை மணி நேரம் கொள்கை பேசினார்கள். இருபத்தைந்தடி உயரத்தில் நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கீழே செல்லக்கண்ணு ஏற்கெனவே போட்டு வைத்த சோடாக்களை ஒவ்வொன்றாக உடைத்து விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு 'பட்'டுக்கும் மேலே இருவரும் பேச்சை நிறுத்திக் கையை நீட்டினார்கள், பழக்கம் அது. மூன்றாவது முறை நீட்டியபோது இளையபெருமாளின் குரல் கம்மிப்போய்விட்டது.

"இன்ஸ்பெக்டர்! அந்த அச்சு எம்புட்டு ஒசரத்துலய்யா இருக்கு?"

இன்ஸ்பெக்டர் ஏணியில் ஏறி டேப் வைத்து அளந்தார். "பன்னிரண்டரை அடிங்க."

தொட்டிலுக்குள் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு ஒரு தாளைத் துண்டில் முடிந்து கீழே போட்டார்கள். இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார். தரைமட்டத்திலிருந்து பன்னிரண்டு அடிக்கு மேல் நடக்கும் எந்தத் தொழிலுக்கும் இனி எந்த லைசென்சும் தேவையில்லை, அங்கே இருக்கும் முத்திரைகள் செல்லாது. பன்னிரண்டு அடி வரை பழைய கட்டுப்பாடுகள் முழு வீச்சில் நீடிக்கும். ஒருமனதாக.

"வியாபாரிக்கு விடுதலை வாங்கிக் குடுத்துட்டோம்!" என்று மேலிருந்து சாமிதுரை கூவினார்.

"ஏழையின் கவசத்தைக் காப்பாத்திட்டோம்! அரையடிகூட விட்டுக்கொடுக்கலை!" என்றார் இளையபெருமாள்.

அச்சின் முத்திரையை எடுத்தார்கள். அரியமுத்து ராட்டினத்தின் கையைத் தள்ளினார். குழு மெல்ல இறங்க, மிஷின் மெல்ல ஏறியது. செல்லக்கண்ணு வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மாதமாகச் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய மனிதர் முதல்முறையாகக் கத்தினார்.

"அரியமுத்தண்ணே! நிறுத்துங்க! அங்கனயே நிறுத்துங்க!"

குழு தரைக்கு வந்து இறங்கியது. தொட்டிலில் மறுபடி வெங்காய மூட்டைகளை ஏற்றினார்கள். மிஷின் உச்சியில் நின்றது.

"சார்," என்றார் செல்லக்கண்ணு இன்ஸ்பெக்டரிடம். "என் மிஷின் இப்ப எத்தனை அடியில இருக்குதுங்க?"

இன்ஸ்பெக்டர் மேலே பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். "என் அதிகாரம் பன்னிரண்டு அடி வரைக்கும்தான்பா. அதுக்கு மேல நடக்கிறது எதுவும் என் கண்ணுல படக் கூடாது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேலே மதுரைவீரன் மட்டும் அசையாமல் குடை பிடித்திருந்தான். முத்திரை போனால் அவன் வேலையும் போகும். வாழ்க்கையில் அவன் ஒரு மாதம் நிலைத்த ஒரே வேலை. செல்லக்கண்ணு அவனைத் திட்டவில்லை. "மாப்ளே, சோடாக்கடையில ஆளு வேணும்டா. நெழல் இருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

மதுரைவீரன் குடைக்குள்ளிருந்து முத்திரையைப் பார்த்தான். அரசாங்க முத்திரையைக் கையால் தொடுகிற பாவத்தை அவன் செய்யவில்லை. குடையை மடக்கினான். அவ்வளவுதான். மிச்சத்தைக் குன்னத்து வெயில் பார்த்துக்கொண்டது.

மிஷினைக் கீழே இறக்கினால் பதினோரு லைசென்சும் திரும்ப உயிர் பெற்றுவிடும் என்பதால் அது கீழே இறங்கவில்லை. சோளக்கொல்லையில் காவலுக்குப் பரண் கட்டுகிறவர்களைக் கூப்பிட்டுப் பனைமரக் கால் நட்டு, தேர் நிலைக்குப் பக்கத்திலேயே பதின்மூன்றடியில் ஒரு பரண் போட்டு, ராட்டினத்திலிருந்து மிஷினை அப்படியே அதற்கு மாற்றினார்கள். ஏற ஓர் ஏணி, இறங்க ஓர் ஏணி. பன்னிரண்டாவது அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு. சோடா அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் குற்றம். ஆகவே வந்தவர்கள் ஏறி, கோட்டுக்கு மேலே தலையை நீட்டிக் குடித்துவிட்டு, ஏப்பத்தையும் அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். அரியலூர் வேன் தேர் முடியும் முன்பே புறப்பட்டுப் போய்விட்டது. டிரைவருக்கு உயரம் என்றால் ஆகாதாம்.

அந்த மழைக்காலத்துக்குள் டீக்கடை மேலே ஏறியது. தையல்காரர் மிஷினோடு ஏறினார். வெங்காய மண்டிக்காரர் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் ஓர் ஏற்றம் கட்டி மூட்டைகளை ஏற்றிக்கொண்டார். ஒரு வருஷத்தில் குன்னம் கடைத்தெரு மொத்தமும் பதின்மூன்றடி உயர்ந்துவிட்டது. கீழே காலியான இடத்தில் ஆபீஸ்கள் வந்தன. விடுதலை கொடுத்தது நாங்கள்தான் என்று ஒரு கட்சியும், கவசம் காத்தது நாங்கள்தான் என்று மறு கட்சியும் வருஷா வருஷம் விழா எடுத்தன. ஆட்சி மாறும்போதெல்லாம் நோட்டு மாறியது.

அடுத்த பங்குனியில் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி ஜீப்பில் வந்து இறங்கினார். தொண்டை காய்ந்திருந்தது. பரணை அண்ணாந்து பார்த்தார்.

"செல்லக்கண்ணு! ஒரு இஞ்சி சோடா எறக்குப்பா."

"கீழ வந்தா லைசென்ஸ் கேப்பீங்களே சார். மேல வாங்க."

"மேல எனக்கு எல்லை இல்லப்பா. டூட்டில இருக்கிறப்ப எல்லை தாண்டக் கூடாது."

"அது உங்க சௌகரியங்க."

வெயில் ஏறிக்கொண்டே போனது. இன்ஸ்பெக்டர் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி, சுண்ணாம்புக் கோடு சட்டைக் காலருக்கு நேராக வந்ததும் நின்றார். செல்லக்கண்ணு குனிந்து, பாட்டிலை உடைத்து, அவர் வாயில் சாய்த்தார். உத்தியோகத்தில் இருந்த உடம்பு ஏணியில் அசையாமல் நிற்க, எல்லைக்கு வெளியே போயிருந்த தலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தது.